வெலிங்டன் ஸ்டாஃப் கோர்ஸ்: அப்ரிசியேஷன் தாளில் மதிப்பெண் எங்கே போகிறது?

#1 – தண்டவாளம்

வணக்கம். விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர் நிலையில் இருப்பவர்கள் வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரிக்குத் தயாராவது பற்றி மூன்று கேள்விகள். பறக்கும் கிளையில் இல்லாதவர்களை, அதாவது லாஜிஸ்டிக்ஸ், நிர்வாகம், கணக்குப் பிரிவுக்காரர்களை மனதில் வைத்துப் பதில் சொன்னால் நல்லது.

ஒன்று, அப்ரிசியேஷன் (நிலவரத்தை அலசி ஒரு திட்டத்துக்கு வரும் எழுத்து ஆய்வு) எழுதும்போது தகவல் எல்லாம் சரியாக இருந்தும் மதிப்பெண் ஏன் விழுவதில்லை? இரண்டு, போர் வரலாற்றை எந்த அளவு படிக்க வேண்டும், அதை விடைத்தாளில் எங்கே வைப்பது? மூன்று, முந்தைய கோர்ஸ்காரர்களின் விடைகளை வைத்துப் படிப்பது உதவுமா?

#2 – மூடுபனி

முதல் கேள்வியிலேயே மற்ற இரண்டும் அடங்கியிருக்கின்றன.

அந்தப் படிப்பு எதற்கு என்பது தெளிவாக இருந்தால்தான் தாள் எதைக் கேட்கிறது என்பது புரியும். பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரு அதிகாரி தன் கிளை வேலையில் ஊறியிருப்பார். ரேடார்காரருக்கு ரேடார் அத்துப்படி, விமானிக்குத் தன் விமானம் அத்துப்படி. ஸ்டாஃப் கோர்ஸ் முடித்ததும் கமாண்ட் தலைமையகத்திலோ டெல்லியிலோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொருவர் எடுக்கப்போகும் முடிவுக்கான காகிதத்தை இவர் தயார் செய்ய வேண்டும். கிட்டத்தட்ட 45 வாரப் படிப்பும் இந்த மாற்றத்துக்காகத்தான். முப்படை அதிகாரிகளும் வெளிநாட்டு அதிகாரிகளும் சிண்டிகேட்டில், அதாவது சிறு படிப்புக் குழுவில், சேர்ந்து உட்கார்வதும் இதற்காகத்தான்: நம் படைக்குள் ஒரே சொல்லில் முடிந்துவிடும் விஷயத்தை அடுத்த படைக்காரருக்கு விளக்க முடியவில்லை என்றால், நமக்கே அது முழுதாகப் புரியவில்லை.

அப்ரிசியேஷனின் உடற்கூறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிலவரம், குறிக்கோள், அதற்கான வரம்புகள், ஃபாக்டர்கள் (முடிவைப் பாதிக்கும் கூறுகள்), எதிரிக்கு உள்ள வழிகள், நமக்கு உள்ள வழிகள், தேர்ந்த வழி, திட்டச் சுருக்கம். பெரும்பாலோர் கோட்டை விடுவது ஃபாக்டர் பகுதியில். கேள்வித்தாளில் இருக்கிற தகவலையே வேறு வார்த்தையில் திரும்ப எழுதிவிடுகிறார்கள். 'ஓடுபாதை 9,000 அடி. வானிலை காலையில் மூடுபனி. எதிரியிடம் ஏவுகணைத் தளம் இரண்டு.' தாளைத் தயாரித்தவருக்கே தெரிந்த விஷயத்தை அவருக்குத் திருப்பிச் சொல்வதில் மதிப்பெண் எப்படி வரும்?

ஒவ்வொரு தகவலுக்கும் கீழே 'ஆகவே' என்று எழுதிப் பாருங்கள். அதற்கு அடுத்து எழுத எதுவும் வரவில்லை என்றால் அந்தத் தகவலை வெட்டிவிடலாம். வந்தால், அந்த வாக்கியத்துக்குக் கீழேயும் இன்னொரு 'ஆகவே' போடுங்கள். கடைசி 'ஆகவே' திட்டச் சுருக்கத்தில் ஒரு எண்ணாகவோ நேரமாகவோ ஒரு யூனிட்டுக்கான வேலையாகவோ வந்து நிற்க வேண்டும். திட்டத்தில் போய்ச் சேராத டிடக்ஷன், அதாவது 'ஆகவே'யில் பிறக்கும் முடிவு, வீண். ஃபாக்டரில் வேரில்லாமல் திட்டத்தில் திடீரென்று முளைக்கும் வரி அதைவிட மோசம், டைரக்டிங் ஸ்டாஃப் (கல்லூரியின் பயிற்சி அதிகாரிகள்) கண்ணில் முதலில் படுவது அதுதான்.

#3 – ஓடுபாதை27

மூடுபனி சொன்னதற்கு ஒரு முழு உதாரணம். எண்கள் எல்லாம் பயிற்சித் தாளில் கொடுப்பதுபோல நான் வைத்துக்கொண்டவை.

எதிரி ஓடுபாதை 9,000 அடி. அவன் விமானம் கிளம்ப 2,800 அடி போதும். 'ஓடுபாதையை இரண்டு இடத்தில் வெட்டினால் போதும்' என்று பலரும் எழுதுவார்கள். இரண்டு வெட்டு விழுந்தால் கிடைப்பது மூன்று துண்டு, ஒவ்வொன்றும் 3,000 அடி. அவன் நிம்மதியாகக் கிளம்பிவிடுவான். மூன்று வெட்டு விழுந்தால் நான்கு துண்டு, தலா 2,250 அடி. அப்போதுதான் ஓடுபாதை மூடியதாகும். ஆகவே மூன்று வெட்டு.

ஒரு வெட்டுக்கு நான்கு விமானம் தேவை என்று தாள் சொல்கிறது. ஆகவே 12 தாக்குதல் பறப்பு. இப்போது நம் பக்கம் வாருங்கள். ஸ்குவாட்ரனில் 16 விமானம். 75 சதவீதம் பறக்கும் நிலையில் என்றால் 12. அதில் தள வான்பாதுகாப்புக்கு நான்கை ஒதுக்கினால் மீதி எட்டு. நான்கு தாக்கும் விமானத்துக்கு இரண்டு காவல் விமானம் என்று போனால் ஒரு அணிக்கு ஆறு. எட்டில் ஒரு நேரத்துக்கு ஒரே அணிதான் கிளம்பும். நாளுக்கு இரண்டு முறை கிளம்பினால் எட்டுத் தாக்குதல் பறப்பு, அதாவது இரண்டு வெட்டு. தேவை மூன்று.

மூன்றாவதை மறுநாள் காலையில் போடலாமே என்று தோன்றும். குழியை எட்டு மணி நேரத்தில் நிரப்பிவிடுவான் என்று தாளின் ஏதோ ஒரு இணைப்பில் எழுதியிருக்கும். ஆகவே மறுநாள் நாம் போகும்போது முதல் இரண்டு வெட்டும் மூடியிருக்கும். ஆகவே ஒரு ஸ்குவாட்ரனால் இந்தக் காரியம் ஆகாது. இரண்டாவது ஸ்குவாட்ரனைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது வான்பாதுகாப்பை வேறு தளத்திடம் ஒப்படைக்க வேண்டும். இந்த முடிவை எடுக்க வைப்பதுதான் கேள்வியின் நோக்கமே.

இன்னொன்று, இதை விடாமல் பாருங்கள்: ஓடுபாதைக்கு இணையாக ஓடும் டாக்ஸி டிராக், அதாவது விமானம் ஊர்ந்து போகும் பாதை. அதன் நீளமும் அகலமும் வரைபடத்தில் இருக்கும், எழுத்தில் இருக்காது. அது 2,800 அடிக்கு மேல் நேராக இருந்தால் அதையும் வெட்டியாக வேண்டும். மேலே போட்ட கணக்கு முழுவதும் அதோடு மாறிவிடும்.

#4 – தண்டவாளம்

மிக்க நன்றி. குறிக்கோளை எப்படி எழுதுவது என்பதில் இன்னும் குழப்பம். 'எதிரி விமானத்தளத்தைத் தாக்குவது' என்பது குறிக்கோள் இல்லை என்று சொல்கிறார்கள். ஏன்?

#5 – பழைய வரைபடம்

தாக்குவது வழி. தாக்கியதால் என்ன நிலை உண்டாக வேண்டும் என்பதுதான் குறிக்கோள். 'டி பிளஸ் 2 (நடவடிக்கை தொடங்கும் நாளுக்கு இரண்டு நாள் கழித்து) விடியலுக்குள் அந்தத் தளத்திலிருந்து எதிரி விமானம் கிளம்ப முடியாதபடி செய்து, 48 மணி நேரம் அந்த நிலையைத் தக்கவைப்பது.' இதில் நேரம் இருக்கிறது, நிலை இருக்கிறது, எப்போது முடிந்தது என்று சொல்ல ஒரு அளவுகோல் இருக்கிறது. '48 மணி நேரம் தக்கவைப்பது' என்ற பகுதிதான், மேலே ஓடுபாதை27 சொன்ன எட்டு மணி நேரப் பழுதுபார்ப்பை முக்கியமாக்குகிறது. குறிக்கோளில் 'மற்றும்' வந்தால் சந்தேகப்படுங்கள், பெரும்பாலும் இரண்டு குறிக்கோள் ஒன்றாகப் புகுந்திருக்கும்.

வரலாறு எங்கே உதவும் என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 1971 டிசம்பர் 4-ஆம் தேதி டாக்கா பகுதியில் நம் விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் போர்விமானங்களைத் தரையிலேயே அழிக்கப் பார்த்தன. சிதறவைத்து மறைத்த விமானங்களைத் தேடி அடிப்பது கடினமாக இருந்தது, நம் பக்கமும் இழப்பு. அதன் பிறகு விமானங்களை விட்டுவிட்டு ஓடுபாதையைக் குறிவைத்தார்கள். மிக்-21கள் 500 கிலோ குண்டுகளோடு செங்குத்தாகச் சரிந்து வந்து டாக்காவின் தேஜ்காவ் தள ஓடுபாதையைப் பிளந்தன. குழி நிரப்ப நிரப்ப மறுபடியும் அடித்தார்கள். கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த ஒரே சேபர் ஸ்குவாட்ரன் அதற்குப் பிறகு எழும்பவில்லை. கவனியுங்கள், குறிக்கோள் மாறவே இல்லை. எதிரி பறக்கக் கூடாது என்பதுதான் இரண்டு கட்டத்திலும். மாறியது வழி மட்டும். குறிக்கோளை 'சேபர்களை அழிப்பது' என்று எழுதியிருந்தால் அந்த மாற்றத்துக்கே இடம் இருந்திருக்காது.

வரம்புக்கு 1999 கார்கிலை எடுத்துக்கொள்ளுங்கள். மே 26-ஆம் தேதி விமானப்படையின் சஃபேத் சாகர் நடவடிக்கை தொடங்கியபோது அரசு போட்ட கட்டளை, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது. இதை 'வரம்புகள்' என்ற தலைப்பில் ஒரு வரியாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் அதிகம். அந்த வரியிலிருந்து எத்தனை 'ஆகவே' பிறக்கிறது பாருங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற விநியோகப் பாதையை அடிக்க முடியாது, ஆகவே இந்தப் பக்கம் வந்துவிட்ட கிடங்குகளைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம், ஆகவே உளவுப் படம் எடுக்கும் பறப்புக்கு முன்னுரிமை. உயரத்தில் காற்று மெலிது, விமானம் திரும்ப எடுக்கும் வட்டம் பெரிது, ஆகவே நினைத்த திசையிலிருந்து நுழைய முடியாது, கோட்டை ஒட்டியே வந்து போக வேண்டும். மே 28-ஆம் தேதி ஒரு எம்ஐ-17 ஹெலிகாப்டர் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்கு இரையானது. ஆகவே அந்த ஏவுகணை எட்டாத உயரத்திலிருந்து அடிக்க வேண்டும், ஆகவே சாதாரணக் குண்டின் துல்லியம் போதாது. ஜூன் 17-ஆம் தேதி அடித்த எதிரியின் முந்தோ தாலோ கிடங்கு, ஜூன் 24-ஆம் தேதி டைகர் ஹில்லில் மிராஜ் போர்விமானம் போட்ட லேசர் குண்டு, எல்லாமே இந்தச் சங்கிலியின் நுனியில்தான் வருகின்றன.

தேதிகளை மனப்பாடம் செய்வதைவிட இப்படி ஒரு நடவடிக்கையை எடுத்து, எந்தத் தகவலிலிருந்து எந்த முடிவு பிறந்தது என்று பின்னோக்கிப் பிரித்துப் படியுங்கள். அப்படி ஆறு நடவடிக்கை கைவசம் இருந்தால் போதும். விடைத்தாளில் ஒரு நடவடிக்கைக்கு ஒரு வரி, அதுவும் டிடக்ஷனுக்குத் துணையாக. அதற்கு மேல் கதை சொல்ல இடமில்லை.

#6 – கிட்டங்கி

லாஜிஸ்டிக்ஸ்காரர்கள் தங்கள் பலத்தைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள் என்பது என் ஆதங்கம். விமானிகள் அந்தரத்தில் விடும் கணக்கைத் தரைக்குக் கொண்டுவர நம்மால் முடியும்.

லே உதாரணம். சண்டிகரிலிருந்து ஐந்து நாளில் 600 டன் லேவுக்குப் போக வேண்டும். லே தளத்தின் உயரம் ஏறக்குறைய 10,700 அடி. அந்த உயரத்துக்கான தர (ஸ்டாண்டர்ட்) வெப்பநிலை மைனஸ் 6 டிகிரி. மதியம் 25 டிகிரி என்றால் வித்தியாசம் 31. டிகிரிக்கு 120 அடி என்ற விதிப்படி, விமானம் உணரும் உயரம் (காற்றின் அடர்த்தியை வைத்துச் சொல்வது) 14,400 அடியைத் தொடும். காலையில் 8 டிகிரி என்றால் 12,400 அடிதான். இந்த 2,000 அடி வித்தியாசம்தான் சுமையைத் தின்கிறது. காலையில் 30 டன், மதியம் 20 டன் என்று தாள் தந்திருக்கிறது என்று கொள்வோம். ஆகவே காலை 6 முதல் 10 வரைதான் நம் ஜன்னல், அதாவது லேவில் வேலை பார்க்கக் கிடைக்கும் நேரம்.

நாளுக்கு 120 டன், ஆகவே நான்கு பறப்பு. 'இரண்டு விமானம், தலா இரண்டு பறப்பு' என்று எழுதிவிடத் தோன்றும். மணிக்கணக்கு போடுங்கள். 6 மணிக்கு லேவில் இறங்கினால் இறக்க ஒரு மணி நேரம், 7-க்குக் கிளம்பி 8-க்குச் சண்டிகர், ஏற்ற ஒன்றரை மணி நேரம், 9.30-க்குக் கிளம்பினால் லே சேர்வது 10.30. ஜன்னல் மூடிவிட்டது. ஆகவே ஒரு விமானத்துக்கு ஒரு நாளில் ஒரே பறப்பு, ஆகவே தினமும் காலையில் நான்கு விமானம் தயாராக நிற்க வேண்டும். 75 சதவீதத்தில் அதற்கு ஆறு விமானம் தேவை. ஐந்தில் ஒரு நாள் வானிலையால் போய்விடும் என்று வைத்தால் நாளுக்கு 150 டன், ஐந்து பறப்பு, ஏழு விமானம்.

இதோடு முடியவில்லை, கணக்கை வானிலைக்கு முந்தைய நான்கு பறப்பிலேயே தொடர்கிறேன். லேவில் ஒரே நேரத்தில் இரண்டு விமானம்தான் நிற்க முடியும் என்றால், முதல் ஜோடி சண்டிகரில் 5 மணிக்கும் இரண்டாவது ஜோடி 6 மணிக்கும் கிளம்ப வேண்டும். ஏற்றும் குழு இரண்டுதான் இருக்கிறது. ஆகவே முதல் ஜோடியை இரவு 2.30 முதல் 4 வரையும், இரண்டாவதை 4 முதல் 5.30 வரையும் ஏற்ற வேண்டும். ஆகவே சரக்கு முந்தைய நாள் மாலைக்குள் எடைபோட்டு, பேலட்டில் கட்டி, வரிசைப்படி நிற்க வேண்டும். ஆகவே ஏற்றும் குழுவுக்கு இரவு ஷிஃப்ட், பகலில் தூங்க இடம். லேவின் வெப்பநிலையில் ஆரம்பித்தது சண்டிகரில் ஒரு குழுவின் தூக்கத்தில் வந்து முடிகிறது. இப்படி நுனிவரை போகும் விடைதான் நிற்கும்.

#7 – சிறகடி

எல்லாம் சரி, ஆனால் தாளில் நேரம் எங்கே? இவ்வளவு சங்கிலியும் எழுதினால் திட்டச் சுருக்கத்துக்குக் கை வராது. அதனால்தான் பிசிகே, அதாவது முந்தைய கோர்ஸ்காரர்களின் விடை, தேவைப்படுகிறது. வடிவமாவது கையில் பழகிவிடும்.

#8 – மூடுபனி

வடிவத்துக்கு அது உதவும், ஒப்புக்கொள்கிறேன். பத்தி எண், துணைப்பத்தி, சுருக்கக் குறியீடு எல்லாம் கூட்டுப் பணியாளர் எழுத்துமுறைக் கையேட்டின்படிதான் போக வேண்டும், அது கண்ணை மூடினாலும் வர வேண்டும். ஆனால் உள்ளடக்கத்துக்கு அதை நம்பினால் ஆபத்து. அதே வரைபடம், அதே படைகள், ஆனால் டாங்கர் (வானிலேயே எரிபொருள் தரும்) விமானம் ஒன்று குறைத்திருப்பார்கள், அல்லது குறிக்கோளின் நேரத்தை 12 மணி நேரம் முன்னால் இழுத்திருப்பார்கள். பழைய விடையைப் பார்த்து எழுதியவர் பழைய கேள்விக்குப் பதில் எழுதியிருப்பார். அதைவிடப் பெரிய நஷ்டம், யோசிக்கும் பழக்கமே வராமல் போவது. கோர்ஸ் முடிந்து நாற்காலியில் உட்காரும்போது பழைய விடை கைக்கு வராது.

நேரத்துக்கு வருவோம். மூன்று மணி நேரத் தாள் என்றால் இப்படிப் பிரிக்கலாம்: படிக்கவும் வரைபடத்தில் குறிக்கவும் 30 நிமிடம், குறிக்கோளும் வரம்பும் 10, ஃபாக்டர்கள் 70, இரு பக்க வழிகளும் தேர்வும் 30, திட்டம் 30, சரிபார்க்க 10. முதல் 30 நிமிடத்தில் பேனா விடைத்தாளில் படக் கூடாது. பதறிப்போய் ஐந்தாவது நிமிடத்தில் எழுத ஆரம்பிப்பவர்கள்தான் மூன்றாவது இணைப்பில் இருக்கிற பழுதுபார்ப்பு நேரத்தைத் தவறவிடுவார்கள். எல்லா ஃபாக்டருக்கும் சம இடம் கொடுக்கவும் தேவையில்லை. முடிவைத் திருப்பும் ஃபாக்டர் மூன்றோ நான்கோதான் இருக்கும். அவற்றுக்கு நுனிவரை சங்கிலி, மற்றவற்றுக்கு ஒரு தகவல், ஒரு 'ஆகவே', அவ்வளவுதான்.

#9 – பழைய வரைபடம்

இடையில் ஒன்று. கோர்ஸுக்குத் தேர்வானவர்கள் சென்னைப் பல்கலைக்கழக எம்.எஸ்ஸி.க்கான ஆய்வேட்டுத் தலைப்பைத் தாமதிக்காமல் யோசியுங்கள். 'இந்திய விமானப்படையின் எதிர்காலம்' மாதிரித் தலைப்பு கரைகாணாத கடல். 'உயரமான தளங்களில் ஓடுபாதை சீக்கிரம் பழுதுபார்க்கும் திறன்' என்றால் முடிக்கலாம். அலுவலகத்தில் பார்க்கக் கிடைக்கும் இரகசியக் காகிதத்தை நம்பித் தலைப்பு வைக்கவே வைக்காதீர்கள், அதை மேற்கோள் காட்ட முடியாது. பொதுவெளியில் இருக்கும் ஆதாரம் போதுமா என்று முதலில் பார்த்துவிட்டுத் தலைப்பை முடிவு செய்யுங்கள்.

#10 – தண்டவாளம்

இவற்றையெல்லாம் வைத்து ஒரு ஃபாக்டர் எழுதிப் பார்த்தது கீழே. தயவுசெய்து திருத்துங்கள்.

'எரிபொருள். தளத்தின் கொள்ளளவு 1,200 கிலோலிட்டர், தற்போது தொட்டிகள் நிறைந்துள்ளன. அடியில் 10 சதவீதம் எடுக்க முடியாதது. ஒரு நாள் செலவு 180 கிலோலிட்டர். நடவடிக்கை 8 நாள். ஆகவே 360 கிலோலிட்டர் பற்றாக்குறை. 18 கிலோலிட்டர் லாரிகள் 10 உள்ளன. சாலை இரவில் மட்டும் திறந்திருக்கும், ஒருவழிப் பயணம் ஒரு இரவு. ஆகவே நடவடிக்கை தொடங்கும் முன்பே 20 லாரிச் சுமையையும் கொண்டுவந்துவிட வேண்டும்.'

#11 – கிட்டங்கி

பற்றாக்குறைவரை அருமை. 1,200-இல் 120 கழித்தால் 1,080, அது ஆறு நாளுக்கு வரும், தேவை 1,440. கணக்கு சரி. கடைசி 'ஆகவே'யில் தடுக்கிவிட்டது. தொட்டிகள் நிறைந்திருக்கின்றன என்று முதல் வரியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தொடங்கும் முன்பே கொண்டுவந்தால் எங்கே ஊற்றுவது?

முதல் நாள் 180 செலவான பிறகுதான் தொட்டியில் 180-க்கு இடம் வரும், சரியாகப் பத்து லாரி. ஆகவே லாரிகள் எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் முதல் நாள் இரவுதான். எவ்வளவு தாமதிக்கலாம்? எட்டாம் நாளுக்கான சுமை எட்டாம் நாள் விடியலுக்குள் சேர வேண்டும், ஆகவே ஏழாம் நாள் இரவு கிளம்ப வேண்டும். அதே லாரிகள் ஆறாம் நாள் இரவு காலியாகத் திரும்ப வேண்டும், ஆகவே முதல் சுமை ஐந்தாம் நாள் இரவு கிளம்பியாக வேண்டும். அதுதான் கடைசி வாய்ப்பு, ஒரு இரவு சாலை அடைபட்டாலும் எட்டாம் நாள் விமானம் தரையில் நிற்கும். ஆகவே இரண்டாம் நாள் இரவும் நான்காம் நாள் இரவும் என்று வையுங்கள். மூன்று இரவு கையிருப்பாக இருக்கும்.

#12 – தண்டவாளம்

புரிந்தது. திருத்தி எழுதியது: 'ஆகவே பத்து லாரிகளும் இரண்டாம் நாள் இரவு ஒருமுறை, நான்காம் நாள் இரவு ஒருமுறை கிளம்பும். ஆகவே டிப்போவில் இரு இரவும் மாலைக்குள் லாரிகள் நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே சாலைப் பாதுகாப்பு ராணுவத்திடம் இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை நான்கு இரவுகளுக்குக் கேட்கப்படும்.'

#13 – கிட்டங்கி

அந்தக் கடைசி வரியை அப்படியே திட்டச் சுருக்கத்தில் ராணுவத்திடம் கேட்கும் உதவிகளின் கீழும் எழுதிவிடுங்கள். காலியாகத் திரும்பும் இரவுகளையும் சேர்த்து நான்கு என்று எண்ணியிருக்கிறீர்கள், சரி. ஆனால் கையிருப்பு மூன்று இரவும் அந்தக் கோரிக்கைக்குள் முழுதாக வரவில்லை. எட்டாம் நாள் விடியல்வரை நீட்டிக்கும்படி கேளுங்கள்.